தனிமையை அளப்பவர்கள் காலனிக்குள் வருவதில்லை

தனிமை இப்போது நோய்ப் பட்டியலில் ஏறிவிட்டது. 2018 ஜனவரியில் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. 2021 பிப்ரவரியில் ஜப்பானும் அதையே செய்தது. 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, தனிமையைக் கொள்ளைநோய் என்றே பெயரிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். 2025 ஜூன் இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஒரு கணக்குச் சொன்னது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். ஆண்டுக்கு 8,71,000 பேருக்கு மேல் இறப்பதில் தனிமைக்குப் பங்கு உண்டு.

தமிழ் ஊடகங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி. அடுக்ககத்தில் பக்கத்துக் கதவுக்காரரின் பெயர் தெரியாத ஐடி ஊழியர். கைப்பேசியே கதியென்று கிடக்கும் இளைஞர். இந்த மூவரைச் சுற்றித்தான் எல்லாக் கட்டுரைகளும் எழுதப்படுகின்றன. அவர்களின் துயரம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டுரைகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன: முன்பெல்லாம் நாம் கூடி வாழ்ந்தோம், வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது, கொரோனா வந்து எல்லாவற்றையும் உடைத்துப் போட்டது. அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது, யார் தெருவில் நின்றபடியே சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது என்று எந்தக் கட்டுரையாளரும் கேட்டுக்கொள்வதில்லை.

முதலில் கொரோனா என்ன செய்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1,545 பேரிடம் 2020இல் மூன்று முறை ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். தொற்று பரவுவதற்கு முன் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை, ஏப்ரல் இறுதியில் ஒருமுறை. சராசரித் தனிமை குறிப்பிடத்தக்க அளவுக்கு உயரவில்லை. பிரிட்டனில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், பெருந்தொற்றுக்கு முன்பு திரட்டப்பட்ட 31,000 பேரின் விடைகளையும் ஊரடங்கின்போது திரட்டிய 38,000 பேரின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முன்பு யார் தனிமையில் இருந்தார்களோ ஊரடங்கிலும் அவர்களேதான்: இளைஞர்கள், பெண்கள், குறைந்த வருமானக்காரர்கள், குறைந்த படிப்பு உள்ளவர்கள், தனியே வசிப்பவர்கள். புதிதாக அபாயம் கூடியவர்கள் என்று அந்த ஆய்வு சுட்டியது மாணவர்களை. 2022இல் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, பெருந்தொற்றில் தனிமை கூடியது உண்மை, ஆனால் சிறிதளவே என்றது.

சிறிதளவே கூடிய ஒன்று எப்படி உலகச் செய்தி ஆனது? என் விடை எளிமையானது. அதுவரை அதை அறியாதவர்களின் வீட்டுக்குள்ளும் அது நுழைந்தது. எழுதத் தெரிந்தவர்கள், பேட்டி கொடுக்கக்கூடியவர்கள், தம் துயரத்துக்கு உடனே ஒரு பெயர் வைத்து அதை உலகத்தின் துயரமாக அறிவிக்கக்கூடியவர்கள் முதன்முதலாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டி வந்தது. கடைக்காரர் கைநீட்டாமல் காசை மேசைமேல் வைக்கச் சொன்னார். தெருவில் எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார். தண்ணீர் கேட்டால் தனி டம்ளரில் வந்தது. இதையெல்லாம் அவர்கள் மனிதகுல வரலாற்றில் நடந்திராத அனுபவம் என்று எழுதினார்கள். படித்தபோது எங்கள் தெருவில் பலருக்குச் சிரிப்பு வந்தது. கசந்த சிரிப்புத்தான்.

அந்த நாட்களின் சொற்களையும் மறந்துவிடக் கூடாது. நோய்க்காகத் தள்ளி நிற்பதை உலகம் முதலில் சமூக விலகல் என்றது. 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டு, உடலளவில் தள்ளி நில்லுங்கள், சமூகமாகச் சேர்ந்திருங்கள் என்றது. நம் நாட்டில் அந்தத் திருத்தம் எடுபடவில்லை. ‘சமூக இடைவெளியைக் கடைப்பிடிப்போம்’ என்ற பலகை இன்றும் சில அலுவலகச் சுவர்களில் தொங்குகிறது. சமூக இடைவெளியைக் கடைப்பிடிக்கும்படி இந்தச் சமூகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை எப்போது இருந்தது? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் வயலையும் ஓடையையும் விட்டு, அதைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வருகிற சமூகம் இது.

அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் நினைவிருக்கும். கைகுலுக்காமல் கும்பிட்ட நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை. மடியும் ஆசாரமும் தீட்டும் நுண்கிருமியை அறிந்தவர்களின் ஏற்பாடு. பேராசிரியர்களே இதைப் பகிர்ந்தார்கள். நோய்க்கான ஒதுக்கத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. 14 நாள் கழிந்தால் கதவு திறக்கும். சாதியின் ஒதுக்கத்துக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டதே இல்லை. நோய்க்கான ஒதுக்கம் கிருமி இருக்கும் உடலைப் பார்க்கிறது. மடி பிறந்த வீட்டைப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, 2020இல் கிருமி விமானம் ஏறி வந்தது. சாக்கடை அள்ளுகிறவர் அதைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டுக் கைதட்டியவர்களே, அவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது, வாசலில் உட்காரக் கூடாது என்றும் விதி போட்டார்கள்.

கொள்ளைநோய்க் காலத்தில் வேறு விதமாக நடந்துகொண்ட மனிதர்களும் நம் வரலாற்றில் உண்டு. 2020இல் நம்மை வீட்டுக்குள் வைக்க அரசு கையில் எடுத்த கொள்ளைநோய்ச் சட்டம் 1897இல் பிளேக் பரவியபோது போடப்பட்டது. அதே ஆண்டு, அதே பிளேக்கில், புனேவுக்கு அருகே முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவ முகாமுக்கு ஓடினார் சாவித்ரிபாய் புலே. அவருக்கும் நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். அந்தச் சட்டத்தைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த முதுகைச் சொல்வதில்லை.

இனி நான் சார்ந்த துறையின் கதைக்கு வருகிறேன். தனிமையை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் 1978இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவானது. 20 வரிகள் கொண்டது. பெரிய கணக்கெடுப்புகளுக்கு வசதியாக 2004இல் அதை மூன்று கேள்விகளாகச் சுருக்கினார்கள். துணையில்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்? ஒதுக்கிவிடப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்? மற்றவர்களிடமிருந்து தனித்துக் கிடப்பதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்? விடைகளும் மூன்றுதான்: அரிதாக, சில நேரங்களில், அடிக்கடி.

நான் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வட மாவட்டக் கிராமங்களில் முதியவர்களைச் சந்தித்துப் பேசுவது என் களப்பணி. இந்தக் கேள்விகளைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் தொடங்கியது. ஒதுக்குதல் என்ற சொல் தமிழில் சும்மா இருக்கும் சொல் இல்லை. ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது, ஒதுக்குப்புறம், ஒதுக்கீடு என்று எல்லாம் அதன் கிளைகள். ஒரு காலனியில் எழுபதைத் தாண்டிய ஆயா ஒருவர் கேள்வியைக் கேட்டுவிட்டு என்னையே சிறிது நேரம் பார்த்தார்.

“ஒதுக்கி வச்ச மாதிரி தோணுதான்னு கேக்குற. தோணுறதுக்கு இன்னாப்பா இருக்குது? ஒதுக்கித்தான வச்சிக்கிறாங்க. அதுக்குத்தான காலனின்னு பேரு.”

துணையில்லாமல் இருப்பதாகத் தோன்றுமா என்று கேட்டதற்கு வாய்விட்டுச் சிரித்தார். “இந்தத் தெரு சனமே என் வாசல்லதான் குந்தினிருக்குது. எனக்கா துணையில்ல?”

மூன்று விடைகளில் எதில் குறியிடுவது? அரிதாக இல்லை, அடிக்கடியும் இல்லை. அது உணர்வே இல்லை, ஊர் வரைபடம். அவர் சொன்னதை ஓரத்தில் எழுதிக்கொண்டு கட்டத்தைக் காலியாக விட்டேன். பிறகு கணினியில் ஏற்றியபோது மென்பொருள் அதை விடுபட்ட மதிப்பு என்று எடுத்துக்கொண்டு கணக்கிலிருந்து தள்ளிவிட்டது.

இது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டும் இல்லை. தனிமைக்கு இந்தத் துறை கொடுக்கும் வரையறையிலேயே பிரச்சினை இருக்கிறது. ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்குக் கிடைக்கும் உறவுக்கும் இடையே உள்ள பள்ளம்தான் தனிமை என்பது 1980களின் தொடக்கத்திலிருந்து வழங்கிவரும் வரையறை. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ஊர்த்தெருவில் தன்னை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று எதிர்பார்க்கவே கூடாது என்று ஐந்து வயதில் கற்றுக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பள்ளம் எங்கே இருக்கும்? விருப்பத்தையே வெட்டிவிட்டால் பள்ளம் தானே சமமாகிவிடும். அளவுகோலில் அவர் தனிமையற்றவர். அவரை வாசலில் நிறுத்தும் நிலக்கிழாரின் மகன், பெங்களூரு அடுக்ககத்தில் வார இறுதியில் கூப்பிட ஆளில்லாமல் தவித்தால், அளவுகோலில் அவர்தான் நோயாளி.

இதைச் சொல்லும்போது காலனி வாழ்க்கைக்கு நான் வெள்ளையடிக்கவும் விரும்பவில்லை. ‘ஒடுக்கப்பட்டவர்கள் ஏழைகள்தான், ஆனால் கூடி மகிழ்ந்திருக்கிறார்கள்’ என்று எழுதுவது இன்னொரு வகைத் திமிர். காலனிக்குள்ளும் கைம்பெண்கள் இருக்கிறார்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு இரு பக்கமும் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். மலக்குழிக்குள் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். தலித் குடியிருப்புகளுக்கு உள்ளேயே எட்டி நிறுத்தப்படும் அருந்ததியர்களும் புதிரை வண்ணார்களும் இருக்கிறார்கள். இவர்களின் தனிமைக்கு ஆயாவின் வாசலில் விடை கிடையாது.

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாமல் வரும் தனிமை ஒன்று, சேர்ந்திருக்க ஒரு கூட்டம் இல்லாமல் வரும் தனிமை இன்னொன்று. நம் நாட்டில் மூன்றாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. நெருக்கமானவர்களும் இருக்கிறார்கள், கூட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் மட்டும் கவியும் தனிமை. காலனியில் இருக்கும்வரை அது தெரிவதில்லை. படித்து வேலைக்குப் போகிறவருக்கும், நகரத்தில் வீடு தேடுகிறவருக்கும், பல்கலைக்கழக விடுதியில் பெட்டியை இறக்குகிறவருக்கும்தான் அது தெரிகிறது.

இதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சியங்களில் ஒன்று அண்ணல் அம்பேத்கருடையது. 1917. அவருக்கு வயது 26. நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா அரசில் பணிசெய்ய வருகிறார். தங்க இடமில்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்குகிறார். தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த இருண்ட கூடம், மங்கிய விளக்கு, வௌவால்கள். பேச ஓர் ஆள் கிடையாது. பகலில் அலுவலகம், இரவில் புத்தகம். தீண்டாமையைப் பற்றி அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் அடியும் மிரட்டலும் உண்டு, ஆனால் இந்தப் பகுதியில் முதலில் வருவது தனிமைதான். பதினோராவது நாள் காலையில் தடிகளோடு ஆட்கள் வந்து வெளியேறச் சொல்கிறார்கள். ஓர் இந்து நண்பரையும் ஒரு கிறித்தவ நண்பரையும் கேட்டுப் பார்க்கிறார்; இருவர் வீட்டிலும் இடமில்லை. இரவு ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். பொருளாதாரம் படித்த ஒரு மனிதர், தனக்கென ஒரு மேசையும் பதவியும் உள்ள ஊரில், உட்கார இடமின்றிப் பூங்காவில் மணிக்கணக்கில் இருந்தார். இதை எந்த அளவுகோலில் எத்தனை மதிப்பெண்ணாக இடுவது?

நூறாண்டு கழித்தும் அந்தப் பூங்கா அப்படியே இருக்கிறது. 2007இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு, டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் ஒதுக்கப்படுவதைப் பதிவு செய்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் ரோஹித் வெமுலா உள்ளிட்ட ஐந்து ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றியது. அவர்கள் வளாகத்தில் திறந்தவெளியில் ஒரு கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே இருக்கும் நம் சேரி. ரோஹித் விட்டுச்சென்ற கடிதத்தில் குழந்தைப் பருவத் தனிமையைப் பற்றிச் சொல்லியிருப்பார். அந்தக் கடிதத்தில் நட்சத்திரங்களைப் பற்றிய வரிகளை எல்லோரும் பகிர்ந்தார்கள். தனிமையைப் பற்றிய வரியைத் தனிமை ஆய்வாளர்கள் யாராவது எடுத்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஆய்வில் சேர்ந்தேன். துறையில் யாரும் என்னை இழிவாகப் பேசியதில்லை. முதல் வாரத்தில் எல்லோரும் அன்பாகக் கேட்டார்கள்: சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலசாமி எங்கே, அப்பா என்ன செய்கிறார். விடைகள் தெரிந்த பிறகு கேள்விகள் நின்றன. மதிய உணவுக்கு மேசையைச் சேர்த்துப் போட்டு உட்காரும் கூட்டம் என் வகுப்பு முடியும் முன்பே எழுந்துபோகத் தொடங்கியது. துறைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் நான் இருந்தேன். செய்திகள் எல்லாம் வேறொரு குழுவில் போய்க்கொண்டிருந்தன. கருத்தரங்கம் ஒன்றில் கட்டுரை வாசிக்கக் கடைசி நாள் முடிந்த பிறகே அப்படி ஒரு கருத்தரங்கம் நடப்பது எனக்குத் தெரியும்.

இதில் புகார் எழுத என்ன இருக்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு செயலைக் கேட்கிறது. இழிவுபடுத்தினால் அது பொதுப்பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. பேசாமல் இருப்பது செயல் இல்லை. மேசையிலிருந்து எழுந்துபோவது குற்றமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றன. என் பல்கலைக்கழகத்தில் அந்த அலுவலரின் பெயரைத் தேடினேன். இணையதளத்தில் இருந்தது, ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் பெயர்.

பிறகு ஊரடங்கு வந்தது. 2020 மார்ச்சில் விடுதியைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஊருக்குப் போனேன். எங்களுடையது தொகுப்பு வீடு, ஒரு கூடமும் ஓர் அறையும். அண்ணன் குடும்பமும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததில் ஏழு பேர். அம்மாவுக்கு நூறு நாள் வேலை நின்றது. அப்பாவுக்குக் கூலி இல்லை. ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாய் ஒரு வாரத்துக்கு வந்தது. உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. இணைய வகுப்புக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். எல்லாம் கஷ்டம்தான். ஆனால் அந்த அளவுகோலை எனக்கு நானே வைத்துப் பார்த்தால், என் தனிமை அந்த மாதங்களில் குறைந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். யாரிடமும் தெருப் பெயரை மறைக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் படிப்பகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். 2021இல் பல்கலைக்கழகம் திறந்தது, விடுதி திறக்கவில்லை. வாடகை அறை தேடி அலைந்த மூன்று வாரத்தில் “நீங்க என்ன ஆளுங்க” என்ற கேள்வியைத் தெருவுக்கு ஒருமுறை கேட்டேன். ‘இயல்புநிலை திரும்பியது’ என்று செய்தித்தாள்கள் எழுதின. எனக்கு அது வேறு பொருளில் உண்மையாகவே இருந்தது.

சராசரி மாறவில்லை என்று ஆய்வுகள் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கங்களும் இருக்கக்கூடும். ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் சேர்ந்து சமமாகிவிட்டால் அட்டவணையில் எதுவும் நடக்காதது போலத்தான் தெரியும்.

எல்லோருக்கும் திரும்பிப்போக ஒரு காலனி இருந்ததும் இல்லை. சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், அங்கிருந்த குடும்பங்களை அகற்றி இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. இடையில் இருந்தது மூன்று மாதம். வீட்டு வேலைக்கும் பாரிமுனைச் சுமைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களுக்குப் பேருந்து நின்றது. தெரிந்த மளிகைக் கடையில்தான் கடன் கிடைக்கும். அந்தக் கடை பழைய இடத்தில் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அத்தையும் சண்டை வந்தால் நடுவில் வரும் பெரியவரும் வேறு வேறு பிளாக்குகளுக்குச் சிதறிப் போனார்கள். அடுத்த கதவுக்காரர் யாரென்று தெரியாத மாடி வாழ்க்கையை அடையாற்று அடுக்ககத்தில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். பெரும்பாக்கத்தில் அதை அரசு இலவசமாகக் கொடுத்தது. முன்னதற்குத் தனிமை என்று பெயர். பின்னதற்கு மறுகுடியமர்வு என்று பெயர்.

வளர்ந்த நாடுகள் தனிமைக்குச் சொல்லும் மருந்துகளைப் பாருங்கள். பிரிட்டனில் மருத்துவரே நடைப்பயிற்சிக் குழுவுக்கும் தோட்டக்கலைக் குழுவுக்கும் சீட்டு எழுதிக்கொடுக்கிறார். நல்ல ஏற்பாடு. அதே சீட்டை நம்மூர் மருத்துவர் எழுதினால் நோயாளி எங்கே போவார்? குடியிருப்போர் நலச் சங்கத்துக்கா? சாதிச் சங்க மண்டபத்துக்கா? நம் ஊர்களில் கூடும் இடங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே யாருக்கோ சொந்தமானவை. எல்லோரும் கூடுவதற்கென்று ஓர் இடத்தை அரசே உருவாக்கப் பார்த்த முயற்சி ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 1990களின் இறுதியில் தொடங்கிய சமத்துவபுரங்கள். நூறு வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அண்டை வீட்டை அரசு தீர்மானிக்கும் என்ற துணிச்சல் அதில் இருந்தது. குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஊரும் சேரியும் அப்படியே இருக்க, தள்ளி ஒரு மூன்றாவது குடியிருப்பைக் கட்டியதே பெரிய குறை. ஆனாலும் தனிமைக்கு அமைச்சர் நியமிப்பதைவிட அது எனக்கு ஆழமான கொள்கையாகத் தெரிகிறது.

கணக்கெடுப்புகளையும் மாற்ற வேண்டும். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2017–18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வு 72,000க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது. அதில் சாதிப் பிரிவும் கேட்கப்பட்டது, தனிமையாக உணர்ந்தீர்களா என்றும் கேட்கப்பட்டது. பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையை அறிய நம்மிடம் உள்ள பெரிய புதையல் அது. ஆனால் விடுதி மாணவர்களும் வாடகை வீடு தேடும் இளைஞர்களும் அந்த வயது வரம்புக்குள் வருவதில்லை. மறுபக்கம் 2011–12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு சுமார் 42,000 குடும்பங்களிடம் போய், உங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா, ஒரு தலித் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்டது. 27 விழுக்காடு குடும்பங்கள் ஏதாவது ஒரு வடிவில் கடைப்பிடிக்கிறோம் என்று அவர்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டன.

தனிமைக் கேள்வி ஒரு தாளில் இருக்கிறது, சமையலறைக் கேள்வி இன்னொரு தாளில் இருக்கிறது. முதலாவதை உளவியலும் மருத்துவமும் எடுத்துக்கொண்டன. இரண்டாவதைச் சாதி ஆய்வாளர்களிடம் விட்டுவிட்டார்கள். இரண்டையும் ஒரே தாளில், 18 வயதிலிருந்து எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஊர்த்தெருவிலும் கேட்க வேண்டும், காலனியிலும் கேட்க வேண்டும். கடந்த ஓராண்டில் உங்கள் சாதியைச் சேராத எத்தனை பேர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? உங்கள் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? விடுதியில் உங்கள் அறைத்தோழர் அறை மாற்றிக்கொண்டு போனாரா? உங்கள் தெருவின் பெயரைக் கடைசியாக எப்போது மறைத்தீர்கள்? இந்தக் கேள்விகளை என் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். மதிப்பீட்டாளர் ஒருவர், இவை தனிமை என்ற கருத்தாக்கத்துக்கு வெளியே நிற்கின்றன என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் அவற்றை நீக்கப் போவதில்லை. பின்னிணைப்பிலிருந்து எடுத்து இரண்டாம் இயலில் வைக்கப் போகிறேன்.